முதுகுக்குக் கச்சையா? மூட்டைக்கு அளவா?



சுமை தூக்குகிறவனுடைய சுமையைக் குறைக்காமல், அவன் முதுகுக்கு மட்டும் ஒரு கட்டுப் போட்டுவிட்டால் முதலாளியின் கடமை தீர்ந்துவிடுமா? இதுவே நாம் இன்று உங்கள் முன் வைக்க விரும்பும் கேள்வி. கேட்பதற்குச் சிறியதாகத் தோன்றலாம். ஆனால் மளிகைக் கடை வைத்திருப்போர், கிட்டங்கி வைத்திருப்போர், சாப்பாட்டுக்கடை நடத்துவோர், லாரியில் சரக்கு ஏற்றி இறக்குவோர் என்று நம்மவரில் பலர் இதற்கு ஒருநாள் பதில் சொல்லியே ஆகவேண்டியவர்கள். இங்கே சொல்லாவிட்டால் அங்கே சொல்லவேண்டியிருக்கும்.

இந்தக் கேள்வி நமக்கு ஏட்டிலிருந்து வரவில்லை; நமது கிட்டங்கியிலிருந்து வந்தது. அதை மறைத்துவிட்டு உபதேசம் மட்டும் செய்வது நியாயமாகாது. ஆகவே முதலில் அதைச் சொல்லிவிடுகிறோம்.

நமது கடைக்கு அரிசியும் சீனியும் 50 கிலோ மூட்டையாக வரும். கோதுமை மாவு 25 கிலோ மூட்டையாக வரும். சில ஆண்டுகளுக்கு முன் சரக்குத் தூக்கும் தம்பிகளில் ஒருவர், இடுப்புப் பிடித்துக்கொள்கிறது என்று சொன்னார். நாம் அன்றைக்கே போய், கறுப்புத் துணியும் ரப்பரும் சேர்த்துத் தைத்து, தோளில் மாட்டிக்கொள்ள இரு வாரும் வைத்த இடுப்புப் பெல்ட் நான்கு வாங்கி வந்து, நான்கு பேருக்கும் கொடுத்தோம். தம்பிகளும் மகிழ்ந்தார்கள். நாமும் அன்றிரவு நிம்மதியாக உறங்கினோம்.

அதன் பிறகு நடந்ததை யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. முன்பெல்லாம் லாரி வந்தால் நால்வர் சேர்ந்து இறக்குவார்கள். பெல்ட் வந்த பிறகு, "மூவர் போதுமே, ஒருவர் கடையைப் பார்க்கட்டும்" என்றோம். சில மாதம் கழித்து இருவர் போதும் என்றாயிற்று. மூட்டைகளை இன்னும் ஒரு வரிசை உயர்த்தி அடுக்கலாம் என்றும் தோன்றிற்று. எல்லாவற்றுக்கும் மனத்தில் ஒரே சமாதானம்தான்: பெல்ட் கட்டியிருக்கிறார்களே!

ரமலானுக்கு முந்திய வாரம். சீனி லோடு வந்திருந்தது. நால்வரில் இளையவர், இராமநாதபுரம் பக்கத்துப் பிள்ளை, தரையோடு கிடந்த ஒரு மூட்டையைக் குனிந்து தூக்கப் போனவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார், எழ முடியவில்லை. நாம் கல்லாவை விட்டு ஓடினோம். ஓடிப்போய் நாம் கேட்ட முதல் வார்த்தை என்ன தெரியுமா? "தம்பி, பெல்ட் கட்டியிருந்தாயா?"

"கட்டியிருந்தேன் முதலாளி" என்றார் அவர். குற்றம் சாட்டப்பட்டவன் பதில் சொல்வதுபோலச் சொன்னார்.

எங்கே வலிக்கிறது என்று நாம் கேட்கவில்லை. அதைக் கேட்டதெல்லாம் பிறகுதான். முதுகெலும்பின் அடியில் இரண்டு எலும்புகளுக்கு நடுவே இருக்கும் சதைவட்டு பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்று மருத்துவர் சொன்னார். பல மாதம் வைத்தியம் நடந்தது. மூட்டை தூக்கும் வேலைக்கு இனி ஆகாது என்று ஊருக்குத் திரும்பினார். அன்று நாம் கேட்ட அந்த முதல் வார்த்தை இன்றளவும் நம்மை விட்டு நீங்கவில்லை. அந்த பெல்ட் அவருடைய முதுகைத் தாங்குவதற்கு வாங்கியதா, நம்முடைய மனச்சாட்சியைத் தாங்குவதற்கு வாங்கியதா?

நம் முன்னோர் தூக்கிய சுமை

சுமை நமக்குப் புதிதன்று. இந்நாட்டில் நம்மவர் கால் ஊன்றியதே பலருக்குத் தோள்பலத்தால்தான். பினாங்குத் துறைமுகத்திலும் சிங்கப்பூர் ஆற்றங்கரையிலும் நம்மவர்களும் சீனர்களும் தோள்மேல் மூட்டை ஏற்றி, படகுக்கும் கரைக்கும் நடுவே போட்ட ஒற்றைப் பலகையில் நடந்தார்கள். 1972-ல் தஞ்சோங் பாகாரில் கொள்கலக் கப்பல் வந்தது. 1983-ல் சிங்கப்பூர் ஆற்றிலிருந்த தொங்காங் படகுகள் பாசிர் பாஞ்சாங்குக்கு மாற்றப்பட்டன. அத்தோடு அந்தப் பலகை நடை ஓய்ந்தது. பாரம் தூக்கி இயந்திரம் தோளின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஆனால் கப்பலிலிருந்து இறங்கிய சரக்கு, கடையின் பின்வாசலுக்கு வந்ததும் மறுபடியும் மனிதனுடைய முதுகில்தான் ஏறுகிறது.

நாம் முன்பு புழங்கிய எடைக் கணக்கிலேயே மனிதனுடைய தோள் இருந்தது. பிக்குல் என்றால் நூறு கட்டி, அதாவது சுமார் 60 கிலோ. மலாய் மொழியில் பிக்குல் என்ற சொல்லுக்குத் தோளில் சுமத்தல் என்பதே பொருள். ஓர் ஆள் சுமப்பது ஒரு பிக்குல் என்று உலகம் கணக்கு வைத்துக்கொண்டது. அந்த ஆளுக்கு அது தகுமா என்று எடைக்கல் கேட்கவில்லை. 1967-ல் ஜெனீவாவிலுள்ள அனைத்துலகத் தொழில் நிறுவனம், வளர்ந்த ஆண் ஒருவர் கையால் சுமக்கும் பாரம் 55 கிலோவுக்கு மேற்படக் கூடாது என்று பரிந்துரை செய்தது. நமது பழைய பிக்குல் அந்த வரம்பையே தாண்டிவிட்டது பாருங்கள்.

உடம்பில் அணியும் சாதனமும் நம்மவருக்குப் புதிதன்று. தலைச்சுமைக்குச் சும்மாடு இருந்தது. தோளுக்குச் சாக்குத்துணி மடித்துப் போட்டார்கள். சாரத்தின்மேல் நம் பெரியவர்கள் கட்டிய அகலமான பச்சை வாரையும் சிலர் நினைப்பீர்கள். ஆனால் அது காசைத் தாங்கிற்றே தவிர முதுகைத் தாங்கியதாகத் தெரியவில்லை.

இவற்றைவிடச் சிறந்த ஒன்றைத் தமிழ்நாட்டு வழியோரங்களில் நம் முன்னோர் கண்டிருக்கிறார்கள். அதுதான் சுமைதாங்கிக் கல். நிற்கும் இரண்டு கல்லின்மேல் குறுக்கே ஒரு கல். பெரும்பாலும், பிள்ளையைச் சுமந்தபடியே இறந்துபோன பெண்களின் நினைவாக நட்டது. வழிப்போக்கன் யாருடைய உதவியும் இல்லாமல் சுமையை அதன்மேல் இறக்கி வைத்து, மூச்சு வாங்கி, மறுபடி ஏற்றிக்கொள்ளலாம். சும்மாடு சுமையோடு கூடவே நடக்கும். சுமைதாங்கியோ சுமையை வாங்கிக்கொள்ளும். இந்த இரண்டுக்குமுள்ள வேற்றுமையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நமது பேச்சு முழுவதும் இதைச் சுற்றியதே.

முதுகெலும்பு என்னும் நிறைகோல்

அந்தத் தம்பி போன பிறகு, படித்த பிள்ளைகளைக் கொண்டு இவ்விஷயத்தை விசாரித்தோம். முதலில் விளங்கியது, முதுகு ஏன் ஒடிகிறது என்பது. கடைக்காரனுக்கு இது எளிதில் விளங்கும். டாச்சிங் என்னும் பழைய நிறைகோலை நம்மில் பலர் பார்த்திருப்போம். அதில் சிறிய குண்டு, கோலின் நுனிக்குப் போகப்போகப் பெரிய மூட்டைக்குச் சமமாக நிற்கும். எடை மட்டுமே கணக்கன்று, தூரமும் கணக்கு.

நமது முதுகும் அப்படியே. முதுகை நிமிர்த்தும் தசை, எலும்பு வட்டிலிருந்து ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் தூரத்திலிருந்து இழுக்கிறது. குனிந்து, கையை நீட்டி, 40 சென்டிமீட்டர் முன்னால் இருக்கும் மூட்டையைப் பிடித்தால், தூரம் எட்டு மடங்கு. 50 கிலோ மூட்டையைத் தூக்க அந்தத் தசை 400 கிலோ பலத்தோடு இழுக்கவேண்டும். குனிந்த மேலுடம்பின் பாரம் வேறு. அத்தனையும் அடிமுதுகின் ஒரு சிறு வட்டின்மேல் வந்து அழுத்துகிறது. அதே மூட்டை இடுப்பு உயரத்தில், உடம்போடு ஒட்டி இருந்தால் பாரம் பன்மடங்கு குறையும்.

இதனால்தான் பிரிட்டனின் தொழில் பாதுகாப்பு இலாகா, இடுப்பு உயரத்தில் உடம்பை ஒட்டித் தூக்குவதற்கு ஆணுக்கு 25 கிலோ, பெண்ணுக்கு 16 கிலோ என்று வழிகாட்டுகிறது. அதற்குமேல் போனால் நன்கு ஆராய்ந்து செய்யவேண்டும் என்பது அதன் கருத்து. அதே ஆண் தரையிலிருந்து தூக்குவதானால் 10 கிலோதான். அமெரிக்க அரசின் தொழில் பாதுகாப்பு, சுகாதார ஆய்வுக் கழகம் 1991-ல் திருத்தியமைத்த கணக்கின்படி, எல்லாச் சௌகரியமும் பொருந்தியிருக்கும்போதே ஒருவர் தூக்கத் தகுந்த உச்ச எடை 23 கிலோ. நமது சீனி மூட்டையோ 50 கிலோ, கிடந்ததோ தரையில். அந்தத் தம்பி ஏன் விழுந்தார் என்று இனி யாரிடமும் கேட்கவேண்டியதில்லை.

பெல்ட் என்ன செய்தது?

இடுப்புப் பெல்ட் பளுதூக்கும் வீரர்களிடமிருந்து வந்தது. வயிற்றை இறுக்கினால் உள்ளே அழுத்தம் கூடும். அது முதுகெலும்பைத் தாங்கும் என்பது எண்ணம். பளுதூக்குவோர் சில நொடி கட்டிக்கொண்டு கழற்றிவிடுவார்கள். கிட்டங்கித் தொழிலாளி நாள் முழுதும் கட்டியிருக்கிறார்.

மேற்சொன்ன அமெரிக்கக் கழகம், அதுவரை வந்த ஆராய்ச்சிகளை எல்லாம் பரிசீலித்து 1994-ல் தன் முடிவைச் சொல்லிற்று. காயமில்லாத தொழிலாளிக்கு முதுகுக் காயம் வராமல் பெல்ட் தடுக்கும் என்பதற்கு ஆதாரமில்லை. ஆகவே அதைப் பரிந்துரைக்க முடியாது. பெல்ட் கட்டியவர், தாம் அதிகம் தூக்கலாம் என்று தவறாக நம்பிவிடக் கூடும் என்றும் அது எச்சரித்தது. பிறகு அக்கழகத்தார் 160 புதிய சில்லறைப் பேரங்காடிகளில் சரக்குக் கையாளும் 9,377 ஊழியர்களைக் கண்டு விசாரித்துத் தொடர்ந்து கவனித்தார்கள். அதன் முடிவு 2000 டிசம்பரில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளிவந்தது. நாள்தோறும் கட்டியவருக்கும் கட்டாதவருக்கும் முதுகுவலியில் வித்தியாசம் இல்லை. கட்டாயம் கட்டவேண்டும் என்று சட்டம் வைத்த கடைக்கும், விரும்பினால் கட்டலாம் என்ற கடைக்கும் காயத்தில் வித்தியாசம் இல்லை.

தொழிலாளி தவறாக நம்பக்கூடும் என்று அவர்கள் எழுதினார்கள். நமது அனுபவத்திலிருந்து அதற்கு ஒரு வரி சேர்க்கிறோம்: தொழிலாளியைவிட முதலாளி அதிகமாக நம்பிவிடுகிறான்.

புதிய இயந்திரச் சட்டைகள்

இப்போது பெல்ட்டைத் தாண்டிய சாதனங்கள் வந்துவிட்டன. சட்டைபோல், முதுகுப்பைபோல் அணிகிறார்கள். இவற்றில் இரண்டு வகை. ஒரு வகையில் மின்சாரம் இல்லை. முதுகிலிருந்து தொடை வரை வில் அல்லது ரப்பர்ப் பட்டை இருக்கும். குனியும்போது அது இழுபட்டு விசையைச் சேமித்து வைக்கும். நிமிரும்போது அந்த விசையைத் திருப்பிக் கொடுக்கும். இன்னொரு வகையில் மோட்டாரோ காற்றழுத்தமோ இருக்கும். ஜப்பானில் 2019-ல் விற்பனைக்கு வந்த ஒரு சாதனத்தில், வலை சுற்றிய ரப்பர்க் குழாய்களுக்குள் கைப்பம்பால் காற்றடைக்கிறார்கள். காற்றேறியதும் குழாய் சுருங்கி, தசைபோல் இழுத்து உடம்பை நிமிர்த்துகிறது. அதன் எடை 4 கிலோவுக்கும் குறைவு.

இந்த இடத்துக்கு வந்து சேர அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகியிருக்கிறது. 1965 முதல் அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியார் ஹார்டிமேன் என்ற இயந்திரக் கவசம் ஒன்றை உருவாக்க முயன்றார்கள். 680 கிலோ தூக்கவேண்டும் என்பது திட்டம். கவசத்தின் எடையே சுமார் 680 கிலோ! முழுவதையும் இயக்கினால் கட்டுக்கடங்காமல் உதறிற்று. ஒரு கை மட்டுமே ஒழுங்காக வேலை செய்தது. மனிதனை உள்ளே வைத்து முழுதாக இயக்காமலேயே கைவிட்டார்கள். அதைப் பார்க்க, இன்றைய சாதனம் பெரிய முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை.

2016-ல் வெளிவந்த ஓர் ஆய்வு, தொழிலுக்கான இத்தகைய 26 சாதனங்களைப் பற்றி அதுவரை எழுதப்பட்டவற்றைத் தொகுத்துப் பார்த்தது. வில் வகைச் சாதனம் முதுகுத் தசையின் உழைப்பை 10 முதல் 40 விழுக்காடு வரை குறைத்ததாகக் கண்டது. இது மெய்யான பயன். இதை நாம் மறுக்கவில்லை. ஆனால் மார்பிலும் தொடையிலும் அழுத்துகிறது என்ற குறையையும் அதே ஆய்வு சொல்லிற்று. நமது நாட்டு வெயிலில், தகரக் கூரையின் கீழ், வேர்வையில் ஊறிய சட்டைக்கு மேல் அதை எட்டு மணி நேரம் அணிவது எப்படியிருக்கும் என்று சாதனம் வாங்குகிற முதலாளி ஒருநாள் தாமே அணிந்து பார்க்கட்டும்.

அதைவிட முக்கியமான கணக்கு ஒன்று உண்டு. சாதனம் கால்பங்கு உழைப்பைக் குறைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கால்பங்கு யாருக்குச் சேரவேண்டும்? தொழிலாளியின் முதுகுக்கா, முதலாளியின் கல்லாவுக்கா? "இப்போது வலிக்காதே, இன்னும் 20 மூட்டை தூக்கு" என்று சொன்னால், கொடுத்த கையாலேயே பறித்துக்கொண்டோம். மாலையில் அவன் முதுகு பழைய இடத்துக்கே வந்து நிற்கும். நான்கு பெல்ட் வாங்கி இரண்டு ஆளைக் குறைத்த நாம் செய்ததும் இதுவே அல்லவா?

மார்க்கம் காட்டும் வரிசை

உங்கள் கையின்கீழ் வேலை செய்வோர் உங்கள் சகோதரர்கள் என்று நாயகம் (ஸல்) அவர்கள் அபூதர் (ரலி) அவர்களுக்குப் போதித்த ஹதீஸ், புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியிருக்கிறது. மதரஸாவில் சிறுவயதில் ஓதியபோது அதில் உணவும் உடையும் பற்றிய பகுதிதான் நமது மனத்தில் நின்றது. இப்போது அதன் பிற்பகுதியை எண்ணிப் பார்க்கிறோம். சக்திக்கு மீறிய வேலையைச் சுமத்தாதீர்கள் என்பது முதலாவது. சுமத்த நேர்ந்தால் அவர்களுக்கு நீங்கள் உதவுங்கள் என்பது இரண்டாவது.

இந்த வரிசையைக் கவனியுங்கள். முதலில் விலக்கு, பிறகே உதவி. நாமோ முதலாவதைத் தாண்டிக் குதித்து, இரண்டாவதைக் கடையில் காசு கொடுத்து வாங்கிவிட்டோம். உதவுங்கள் என்றால் வாங்கிக் கொடுங்கள் என்று மட்டும் பொருளாகுமா? கலீபா உமர் (ரலி) அவர்கள் பசித்த பிள்ளைகளுக்காக இரவில் மாவு மூட்டையைத் தாமே முதுகில் சுமந்து போனதும், சுமந்துகொள்ள முன்வந்த ஊழியரைத் தடுத்து, மறுமையில் என் பாரத்தை நீ சுமப்பாயா என்று கேட்டதும் நாம் எல்லாரும் மீலாது மேடைகளில் கேட்டதே. கேட்டுவிட்டுக் கைதட்டினோமே தவிர, மறுநாள் லாரி வந்தபோது மூட்டையின் மறுமுனையைப் பிடித்தோமா?

இன்னொரு உமரும் நமக்கு வழிகாட்டுகிறார். ஹிஜ்ரி 99 முதல் 101 வரை, அதாவது கி.பி. 717 முதல் 720 வரை ஆண்ட கலீபா உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்களுக்கு, மிஸ்ரு நாட்டில் ஒட்டகத்தின்மேல் ஆயிரம் ராத்தல் ஏற்றுகிறார்கள் என்ற செய்தி எட்டிற்று. இனி 600 ராத்தலுக்கு மேல் ஏற்றக் கூடாது என்று அங்குள்ள அதிகாரிக்கு அவர் எழுதியதாக அவருடைய சரிதையில் காண்கிறோம். ஒட்டகத்தின் முதுகுக்கு மெத்தை போடு என்று அவர் எழுதவில்லை. மூட்டைக்கு அளவு போட்டார். அனைத்துலகத் தொழில் நிறுவனம் மனிதனுக்கு அளவு போடுவதற்கு 1,200 ஆண்டுகளுக்கு முன்பே வாயில்லாப் பிராணிக்கு அளவு போட்ட மார்க்கம் இது. நாம் ராத்தல் என்று சொல்லும் சொல்லே அந்த அரபுச் சொல்தான். சொல் நம்மிடம் வந்து சேர்ந்தது. அளவு வந்து சேரவில்லை.

அரிசிச் சாக்கைவிடக் கனமான சாக்குகள்

இதைப் பேசினால் நம்மவர் மூன்று சாக்குச் சொல்வார்கள். நாமும் சொன்னவைதான்.

முதல் சாக்கு: "அவன் சம்மதித்துத்தானே தூக்குகிறான்? கூலி கொடுக்கிறோமே!" ஊரில் கடன் வாங்கி, கடல் கடந்து வந்த பிள்ளை, வந்த இடத்தில் "என்னால் முடியாது முதலாளி" என்று சொல்வானா? முடியாது என்று சொல்லும் உரிமை உள்ளவன் சரி என்று சொன்னால்தான் அது சம்மதம். கூலி அவன் உழைப்புக்குக் கொடுக்கும் விலை. அவன் முதுகெலும்பை நாம் விலைக்கு வாங்கவில்லை. அது அவனிடம் அல்லாஹ் ஒப்படைத்த அமானத். வேலைக்காக அதை நம் பொறுப்பில் விட்டிருக்கும்வரை நம்மிடமும் அமானத்.

இரண்டாவது சாக்கு: "நம் பாட்டன்மார் தூக்கவில்லையா? அவர்களுக்கு என்ன ஆயிற்று?" தூக்கினார்கள். முதுமையில் திண்ணையில் கூன் விழுந்து உட்கார்ந்திருந்த பெரியவர்களை நாம் மறந்துவிட்டோமா? அவர்கள் பட்ட பாட்டைப் பெருமையாகச் சொல்வது சரி. அதையே இன்னொருவன் பிள்ளைக்கு விதியாக்குவது சரியன்று. தம் பிள்ளைகள் மூட்டை தூக்கக் கூடாது என்பதற்காகத்தான் அவர்கள் தூக்கினார்கள்.

மூன்றாவது சாக்கு: "அடுத்த கடைக்காரன் இப்படியெல்லாம் செய்யவில்லை. நாம் மட்டும் செலவு செய்தால் வியாபாரம் எப்படி நிற்கும்?" இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆகையால்தான் சட்டம் வேண்டியிருக்கிறது. மலேசியாவில் 1994-ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் திருத்தப்பட்டு, 2024 ஜூன் 1 முதல் வீட்டு வேலை போன்ற சில விலக்குகள் தவிர எல்லா வேலை இடங்களுக்கும் விரிவாகியிருக்கிறது. வேலையிலுள்ள ஆபத்தை முதலாளி முன்கூட்டியே ஆராயவேண்டும். ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால் பாதுகாப்புக்கென ஒருவரைப் பொறுப்பாக்கவேண்டும். 2019 முதல் வெளிநாட்டுத் தொழிலாளிக்கும் சொக்சோவின் வேலைக்காயப் பாதுகாப்பு உண்டு. இவையெல்லாம் நல்லவை. ஆனால் சொக்சோ பணம் கொடுக்கும். வட்டு விலகிய முதுகைத் திருப்பிக் கொடுக்காது. அடுத்த கடைக்காரன் செய்யாததை மறுமையில் நமக்குச் சாட்சியாகக் கூப்பிடவும் முடியாது.

அப்படியானால் சாதனமே வேண்டாமா?

வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. பெல்ட் ஹராமும் அன்று, பாவமும் அன்று. அடிபட்ட முதுகுக்கு மருத்துவர் கட்டச் சொன்னால் கட்டவேண்டியதே. பாரத்தைப் பிரிக்க முடியாத வேலைகளும் உலகில் உண்டு. படுக்கையில் கிடக்கும் தகப்பனாரைத் தூக்கித் திருப்பும் மகளுக்கும், மருத்துவமனையில் நோயாளியைத் தூக்கும் தாதிக்கும், பாரத்தைப் பாதியாக்கு என்று யார் சொல்ல முடியும்? அத்தகையோருக்கு வில்லும் காற்றும் உள்ள சட்டை ஓர் அருட்கொடையாக அமையலாம்.

ஆனால் சீனி மூட்டை நோயாளியன்று. அதைப் பிரிக்கலாம்; உருட்டலாம்; இருவர் தூக்கலாம். பிரிக்கக்கூடிய பாரத்தைப் பிரிக்காமல், அதைத் தூக்குகிறவனுக்குச் சாதனம் மாட்டுவதுதான் தவறு. சாதனம் கடைசியில் வரவேண்டியது; அதை நாம் முதலில் கொண்டுவந்துவிட்டோம்.

நாம் ஜனாஸாவைச் சுமக்கும் முறையைப் பாருங்கள். சந்தூக்கைத் தூக்கியதும் எத்தனை தோள் முந்துகிறது! பத்தடி போவதற்குள் ஒருவர் தோளை மற்றவர் வாங்கிக்கொள்கிறார். யாருக்கும் பாரம் தெரிவதில்லை. எல்லாருக்கும் நன்மை சேருகிறது. இறந்தவரைச் சுமக்க நாற்பது தோள் கொடுக்கும் சமூகம், உயிரோடிருப்பவன் சுமையை ஒற்றைத் தோளில் விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கலாமா? கனமானதைச் சேர்ந்து தோளில் சுமப்போம், இலேசானதைச் சேர்ந்து கையில் ஏந்துவோம் என்று மலாய்ச் சகோதரர்களிடம் ஒரு பழமொழி உண்டு. அந்தப் பழமொழியிலும் அதே பிக்குல்தான் வருகிறது. ஆனால் அங்கே சேர்ந்து என்ற சொல் முன்னால் நிற்கிறது.

நமது கிட்டங்கியில் இப்போது சில காரியங்கள் மாறியிருக்கின்றன. பெருமைக்காகச் சொல்லவில்லை, காலம் தாழ்ந்து செய்தோம் என்ற வெட்கத்தோடு சொல்கிறோம். அரிசியைக் கூடியவரை 10 கிலோப் பையாகவே எடுக்கிறோம். 50 கிலோவாகவே வரும் மூட்டையை ஒருவர் தனியாகத் தொடக்கூடாது. கனமான சரக்கைத் தரையில் போடாமல், பலகை அடுக்கி இடுப்பு உயரத்தில் வைக்கிறோம். அது நமது கடையின் சுமைதாங்கி. இரண்டு கைவண்டி வாங்கினோம். நான்கு பெல்ட்டைவிட விலை அதிகம்தான். லாரி வந்தால் மூட்டையின் மறுமுனையில் சில நாள் நாமும் நிற்கிறோம். நின்ற முதல் நாளே, 50 கிலோ என்றால் என்னவென்று நமது முதுகு நமக்குச் சொல்லிக்கொடுத்தது. மூட்டைக்குச் சில காசு கூடுகிறது. லாரிக்காரர் நேரமாகிறதே என்று முணுமுணுக்கிறார். உண்மைதான். ஆனால் அந்தக் காசும் அந்த நேரமும் இதுவரை யாருடைய முதுகிலிருந்து மிச்சமாயின என்பது இப்போது நமக்குத் தெரியும்.

சில மாதங்களுக்கு முன் ஊரிலிருக்கும் அந்தத் தம்பியோடு தொலைபேசியில் பேசினோம். சிறு பெட்டிக்கடை ஒன்றில் உட்கார்ந்து பார்க்கிற வேலையாம். நெடுநேரம் உட்கார்ந்தால் கால் மரத்துப்போகிறதாம். நாம் மன்னிப்புக் கேட்டோம். அவர் சொன்னார்: "என்ன முதலாளி இப்படிச் சொல்கிறீர்கள்? வேறு கடையில் யார் பெல்ட் வாங்கிக் கொடுத்தார்கள்? நீங்கள் கொடுத்தீர்களே!"

சகோதரர்களே! அவர் திட்டியிருந்தால் நமக்கு இவ்வளவு வலித்திராது. நாம் செய்த அநீதிக்கு அவர் நன்றி சொன்னார். அந்த நன்றியை எங்கே கொண்டுபோய் வைப்பது?

நபித்தோழர் அபூதர்தா (ரலி) அவர்கள் மரணத் தறுவாயில் தம் ஒட்டகத்தைப் பார்த்து, இறைவனிடம் என்மேல் வழக்குத் தொடுக்காதே, உன் சக்திக்கு மீறி உன்மேல் நான் ஏற்றியதில்லை என்று கூறியதாக இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் எழுதியிருக்கிறார்கள். பேசாத ஒட்டகம் பேசும் நாளை அவர் அஞ்சினார். நமது தம்பியோ பேசுகிறார். நம்மைப் புகழ்ந்தே பேசுகிறார். ஆனால் உறுப்புகள் வாய் திறக்கும் அந்நாளில் அவருடைய முதுகு என்ன சொல்லுமோ, அதற்கு நாம் என்ன பதில் சொல்வோமோ, அல்லாஹ்வே அறிந்தவன்.

ஆகவே, கடை வைத்திருக்கும் சகோதரர்களே! அடுத்த லாரி வருமுன் கிட்டங்கிக்குப் போய் ஒரு மூட்டையை நீங்களே தூக்கிப் பாருங்கள். தூக்க முடியாவிட்டால், முதுகுக்கு என்ன கட்டலாம் என்று தேடாதீர்கள். மூட்டைக்கு என்ன அளவு என்று கேளுங்கள்.

சக்திக்கு மீறிய பாரத்தை எவர்மீதும் சுமத்தாத வல்ல நாயன், அந்நற்குணத்தில் ஒரு துளியை நமக்கும் தந்தருள்வானாக! நம்மால் நொந்த உள்ளங்களையும் உடம்புகளையும் ஆற்றுவானாக! ஆமீன்.